ராசியான கைக்கு ஒரு பட்டன்

ஒரு பட்டனை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எவ்வளவு அலட்டிக்கொள்ள முடியும் என்பதை ஸ்ரீரங்கத்தில் ஒரு கேட்டரிங் ஆபீஸில்தான் பார்த்தேன். கல்யாணத்துக்கோ சீமந்தத்துக்கோ சாப்பாடு சொல்ல வருகிறவர்களை அந்த முதலாளி முதலில் உட்காரவைத்துக் காபி கொடுப்பார். பிறகு கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்புவார். மஞ்சள் பின்னணியில் இரண்டு குத்துவிளக்குகள் விடாமல் எரிந்துகொண்டிருக்கும் ஒரு பக்கம் திரையில் இருக்கும். அதன் அடியில் பச்சை நிறத்தில் ஒரு பட்டன். "ஒரே க்ளிக்தான். தளிகை பண்ற எடத்துல பேப்பர் வந்து விழும். மனுஷா கையே படாது" என்பார். சொல்லிவிட்டு வந்தவர்கள் முகத்தைப் பார்ப்பார். பந்திக்கு ஜாங்கிரி போதுமா, குறைந்துபோகுமா என்ற கவலையில் வந்தவர்கள் என்ன செய்வார்கள் பாவம், ஆச்சரியப்பட்டு வைப்பார்கள்.

மனிதர் கையே படாத அந்தப் பட்டனை அழுத்தியதற்காகத்தான் பிறகு ஒரு பெண்ணின் கையைக் குற்றம் சொன்னார்கள். ராசியில்லாத கை என்றார்கள். அவள் வேலைக்கும் உலை வைத்தார்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பட்டனை நாலு வார்த்தை திட்டிக்கொள்கிறேன். இல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

சென்னையில் பல வருஷம் புரோகிராம் எழுதிச் சம்பாதித்துவிட்டு, போதும் என்று ஸ்ரீரங்கத்துக்கே திரும்பி வந்தவள் நான். இங்கே எனக்குக் கம்ப்யூட்டர் மாமி என்று பெயர். பிரிண்டரில் மை தீர்ந்தாலும் எனக்குத்தான் போன் வரும், போனில் சத்தம் கேட்கவில்லை என்றாலும் எனக்குத்தான் போன் வரும். அப்படித்தான் அந்த ஆபீஸுக்கும் போக ஆரம்பித்தேன். முதல் தடவை கூப்பிட்டபோது முதலாளி சொன்ன புகார், காலையில் பறக்கும் கம்ப்யூட்டர் மத்தியானத்துக்கு மேல் படுத்துக்கொள்கிறது என்பது.

அந்தப் பக்கத்தை எழுதியவன் அவருடைய சகோதரி மகன். இன்ஜினியரிங் படிக்கும்போது புராஜெக்ட் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வெளிநாடு போய் நன்றாக இருக்கிறான். அவன் எழுதியதோ இங்கே இருந்துகொண்டு எல்லார் உயிரையும் எடுக்கிறது. அது செய்கிற வேலை இதுதான்: பக்கத்தில் ஒரு பட்டியல் உண்டு. கல்யாணம், சீமந்தம், நிச்சயதார்த்தம் என்று விசேஷங்களின் பெயர்கள். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மண்டபத்தின் பெயரையும் எத்தனை இலை என்பதையும் அடித்துப் பட்டனை அழுத்தினால், பிரௌசருக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் அதே கம்ப்யூட்டரில் இருக்கும் எக்செல்லை எழுப்பும். எக்செல் போய் மெனு ஃபைலைத் திறக்கும். அந்த விசேஷத்துக்கு உண்டான ஐட்டங்களை எடுத்து ஒரு தாளில் நிரப்பி, பின்கட்டில் இருக்கிற சமையல் கூடத்துப் பிரிண்டருக்கு அனுப்பிவிடும். இத்தனையும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். எக்செல் திரையில் வரவே வராது. வந்தால் அசிங்கமாக இருக்கும் என்று பையன் மறைத்து வைத்திருந்தான்.

மறைத்து வைத்தவன் வேலை முடிந்ததும் மூடவும் வேண்டும் அல்லவா. அது அவனுக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு எக்செல் எழுந்து, வேலையை முடித்து, போகச் சொல்ல ஆளில்லாமல் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். கல்யாணம் முடிந்தும் ஊருக்குக் கிளம்பாத உறவுக்காரர்கள் மாதிரி, மத்தியானத்துக்குள் ஒரு கூட்டமே சேர்ந்துவிடும். கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளாமல் என்ன செய்யும். முதலாளியின் மனைவி அதற்குக் கண் திருஷ்டி என்று பெயர் வைத்து, திரையின் மேல் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டிருந்தார். நான் போன அன்று அந்தப் பழம் காய்ந்து கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு அழகும் அதில் இருந்தது. ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே, எந்தத் தப்பு நேர்ந்தாலும் வாயைத் திறக்காமல் அடுத்த வரிக்குப் போ என்று எழுதி வைத்திருந்தான். இப்படி ஒரு வசதி அந்த மொழியில் உண்டு. சோம்பேறிகளுக்கென்றே யாரோ புண்ணியவான் வைத்தது. ஃபைல் இல்லையா, பேசாதே. பிரிண்டரில் பேப்பர் இல்லையா, பேசாதே. அந்தப் பக்கம் தப்பே செய்வதில்லை என்று முதலாளி பெருமைப்பட்டுக்கொண்டதெல்லாம் இந்த ஒரு வரியின் தயவுதான்.

வெப் பக்கம் ஒன்று நம் கம்ப்யூட்டருக்குள் புகுந்து எக்செல்லைத் திறப்பது சாதாரணமாக நடக்காது. எந்தப் பிரௌசரும் விடாது, விடவும் கூடாது. பழைய பிரௌசர் ஒன்றுதான் விட்டது, அதையும் இப்போது நிறுத்திவிட்டார்கள். புதிய பிரௌசரில் பழையது போல நடி என்று சொல்லி, பாதுகாப்பு எல்லாவற்றையும் தளர்த்தி, இந்தப் பக்கம் என்ன சொன்னாலும் செய் என்று எழுதிக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். குளிக்காமல் யாரும் சமையல் கூடத்துப் படியேறக் கூடாது என்று சட்டம் பேசுகிற மனிதர், கம்ப்யூட்டரின் வாசல், கொல்லை, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துபோட்டுவிட்டு நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

இதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒழுங்காக ஒன்று எழுதித் தருகிறேன் என்றேன். ஓடிக்கொண்டிருப்பதை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டார். ஓடவில்லை, நொண்டுகிறது என்றேன். மருமான் ஆசையாகப் பண்ணிக் கொடுத்தது என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது. வேலை முடிந்ததும் எக்செல்லை மூடும்படி இரண்டு வரி சேர்த்துவிட்டு வந்தேன். மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் படுக்கவில்லை. எலுமிச்சம்பழம் வேலை செய்துவிட்டது என்று அந்த அம்மாள் தெருவெல்லாம் சொன்னார்.

பட்டனை அழுத்துகிற வேலை ஒரு பெண்ணுடையது. ஜீயபுரத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். முப்பது வயசு இருக்கும். கல்யாணமாகி, சரிப்படாமல், அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வாழைத் தோப்புக்கு நடுவில் அண்ணன் வீடு. அண்ணன் நல்லவர்தான், அண்ணியும் கெட்டவர் இல்லை. ஆனால் வேலைக்குப் போகிறவளாக அந்த வீட்டில் இருப்பது ஒன்று, போகாதவளாக இருப்பது வேறு. போன மாதம் மிக்ஸி வாங்கினேன் மேடம், இப்ப சட்னிக்குக் காரம் எவ்வளவு போடணும்னு அண்ணி என்னையக் கேக்குறாங்க என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அந்த வேலை என்னவாக இருந்தது என்று எனக்கு அதிலிருந்து புரிந்தது.

ஆபீஸில் எல்லாருக்கும் அவள் கதை தெரியும். தெரியாமல் இருக்க விடுவார்களா. முதலாளியின் மனைவி அவளிடம் பிரியமாகத்தான் பேசுவார், வடை மிஞ்சினால் கட்டிக் கொடுப்பார். ஆனால் வரலட்சுமி நோன்புக்கு ஆபீஸ் பெண்களுக்கெல்லாம் தாம்பூலம் கொடுத்தபோது, இவளுக்கு மட்டும் அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் போகிற வேலை வந்தது. அவளும் எதுவும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

தை பிறந்தது. முதல் முகூர்த்த நாளில் உறையூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம், மத்தியானச் சாப்பாடு இவர்களுடையது. நூறு இலைக்கு மேல். முந்தின நாள் சாயங்காலம் அவள் பட்டியலில் நிச்சயதார்த்தம் என்று தேர்ந்தெடுத்து, மண்டபத்தின் பெயரையும் இலைக் கணக்கையும் அடித்து, பட்டனை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனாள். பின்கட்டில் பேப்பர் வந்து விழுந்தது. மறுநாள் காலை வேன் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போயிற்று.

மண்டபத்தில் பாத்திரத்தைத் திறந்ததும், பரிமாறுகிற ஆட்களின் தலைவர் அரண்டுபோய்விட்டார். பிரண்டைத் துவையல். பாகற்காய். வாழைக்காய்க் கறியமுது. மிளகு அரைத்துவிட்ட குழம்பு. தனியாக ஒரு தூக்கு நிறைய எள்ளுருண்டை. திவசச் சாப்பாடு. பெண்ணும் பிள்ளையும் மாலையோடு உட்கார்ந்திருக்கிற இடத்தில், பித்ருக்களுக்குப் போடுகிற சாப்பாடு.

அவர் உடனே முதலாளிக்குப் போன் செய்தார். முதலாளி அப்போது கோயிலில் சேவைக்கு நின்றுகொண்டிருந்தார். ஐட்டம் ஏதோ மாறின மாதிரி இருக்கு என்று இவர் இழுத்தார். விஷயத்தை முழுசாகச் சொல்லக்கூட முதலாளி விடவில்லை. "பேப்பர்ல என்ன இருக்கோ அதப் பரிமாறுங்கோ. கேள்வி கேக்கப்படாதுன்னு எத்தன தடவ சொல்றது" என்று வைத்துவிட்டார். பேப்பரில் இருந்ததைப் பரிமாறினார்கள். முதல் பந்தியில் உட்கார்ந்த பிள்ளையின் அத்தை, இலையில் எள்ளுருண்டை விழுந்ததும் எழுந்து நின்றார். பிறகு மொத்தப் பந்தியும் எழுந்தது.

சம்பந்திகள் நல்ல மனிதர்கள். பக்கத்து ஹோட்டலிலிருந்து ஏதோ வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டுத் தட்டு மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கல்யாணம் பிறகு ஜாம்ஜாமென்று நடந்தது, சாப்பாடு வேறு கேட்டரிங். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் ஸ்ரீரங்கத்து நாலு வீதியிலும் விஷயம் பரவிவிட்டது.

சமையல்காரருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நானும் பிற்பாடு அவரைக் கேட்டேன். பேப்பரில் விசேஷத்தின் பெயரே இருக்காது. முன்பு இருந்தது. யார் வீட்டில் என்ன விசேஷம் என்பது காய்கறிக்காரர் வழியாகப் போட்டிக் கம்பெனிக்குப் போய்விடுகிறது என்று சந்தேகப்பட்டு முதலாளிதான் எடுக்கச் சொன்னார். மண்டபம், இலைக் கணக்கு, ஐட்டம், அவ்வளவுதான். சமையல்காரர் ஆரம்பத்தில் சந்தேகம் வந்தால் முன்கட்டுக்கு வந்து கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டால் எதற்கு ஆட்டோமேஷன் என்று முதலாளி அதையும் நிறுத்தினார். அதனால் அந்த மனிதர் விடிகாலையில் குளித்து, ஈர வேட்டியோடு, திவசத்துக்கென்று இருக்கும் தனி அடுப்பைப் பற்றவைத்து, மடியாக நூறு பேருக்குப் பிரண்டை அரைத்திருக்கிறார். திவசத்துக்கு இத்தனை பேரா என்று தோன்றவில்லையா என்றேன். "யாரோ பெரிய மனுஷா ஆத்து திவசம்னு நெனச்சுண்டேன்" என்றார்.

மறுநாள் விசாரணை நடந்தது. விசாரணை என்றால், ஆபீஸில் எல்லாரையும் நிற்கவைத்துவிட்டு முதலாளி ஒருவரே பேசியது. நிச்சயதார்த்தம் என்றுதான் தேர்ந்தெடுத்தேன் என்று அவள் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். பொய் சொல்கிறாள் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தாலாவது அவள் சண்டை போட்டிருக்கலாம். "நான் யாரையும் குத்தம் சொல்லல. நீ வேணும்னு பண்ணிருக்க மாட்ட. சில பேர் கை ராசி அப்படி. முகூர்த்த ஆர்டர ஒன் கையால அழுத்தவிட்டது எங்க தப்பு" என்றார். கொஞ்ச நாள் வீட்டில் இருக்கும்படி சொல்லி அனுப்பிவிட்டார். எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது அவர் என்னைக் கூப்பிட்டபோதுதான். எதற்குக் கூப்பிட்டார் தெரியுமா? ஏன் தப்பு வந்தது என்று பார்க்கச் சொல்லவா? இல்லை. பட்டனுக்கு ஒரு பாஸ்வேர்ட் போட வேண்டுமாம். அது அவருடைய மருமகளுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டுமாம். வேறு யார் அழுத்தினாலும் வேலை செய்யக் கூடாதாம். மருமகள் சுமங்கலி, இரண்டு ஆண் குழந்தைகள், நல்ல கை. "எங்காத்து மாட்டுப்பொண் கை வெச்சா எல்லாம் சரியாயிடும் மாமி" என்றார்.

என் சர்வீஸில் எத்தனையோ விதமான முட்டாள்தனமான வேலைகளைக் கேட்டிருக்கிறார்கள். ராசிக்குப் பாஸ்வேர்ட் போடச் சொன்னது இவர் ஒருவர்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அப்படியே எழுந்து போயிருப்பேன். போனால் அந்தப் பெண்ணுக்காகப் பார்க்க யாரும் இல்லை என்பதால் உட்கார்ந்தேன். சரி, போடுகிறேன், அதற்கு உள்ளே பார்க்க வேண்டும் என்றேன். அவர் மத்தியானத் தூக்கத்துக்குப் போனார்.

எக்செல்லை மறைத்து வைக்கும் வரியை மாற்றி, வெளியே வா என்று எழுதினேன். பேப்பர் சமையல் கூடத்துக்குப் போகாமலும் நிறுத்தினேன். பிறகு நிச்சயதார்த்தம் என்று தேர்ந்தெடுத்துப் பட்டனை அழுத்தினேன். இத்தனை வருஷமாகத் திரைக்குப் பின்னால் இருந்த எக்செல் முதல்முறையாகக் கண்ணுக்கு முன்னால் திறந்தது. மெனு ஃபைல் விரிந்தது. அதன் தலையில், முதல் வரியில், நட்ட நடுவில், கொட்டை எழுத்தில், சிவப்பு நிறத்தில் இருந்தது: ஸ்ரீ:

அந்த வரி முன்பு கிடையாது. நான் எலுமிச்சம்பழக் காலத்தில் பார்த்தபோது முதல் வரியிலேயே பட்டியல் ஆரம்பித்தது. வைஷ்ணவக் குடும்பங்களில் ஸ்ரீ: போடாமல் எந்தத் தாளிலும் எதையும் எழுத மாட்டார்கள். சலவைக்குப் போட்ட துணிக் கணக்குக்கும் அது உண்டு. என் வீட்டிலும் உண்டு. ஃபைலில் பதிவாகியிருந்த தேதியைப் பார்த்தால், முதலாளி சங்கராந்தியன்று வீட்டிலிருந்தபடியே தன் லேப்டாப்பில் இந்த ஃபைலைத் திறந்து, கல்யாண மெனுவில் ஏதோ ஒரு புது அல்வாவைச் சேர்த்திருக்கிறார். அப்போது தலையில் ஸ்ரீ: இல்லாதது கண்ணை உறுத்தியிருக்கிறது. மேலே ஒரு வரியைச் செருகி, போட்டுவிட்டார். எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டால் பெருமாளுக்குத் தெரியும் என்று யோசித்துப் போட்டிருக்கிறார்.

சகோதரி மகன் எழுதிய ஸ்கிரிப்ட் நிச்சயதார்த்தம் என்ற பெயரைத் தேடிப் போகாது. அது பன்னிரண்டாம் வரிக்குப் போகும். அவன் எழுதிய காலத்தில் பன்னிரண்டாம் வரியில் நிச்சயதார்த்தம் இருந்தது, அது போதும் என்று விட்டுவிட்டான். வீதி முனையிலிருந்து பன்னிரண்டாம் வீடு என்று விலாசம் சொல்லி அனுப்புவதுபோல. முனையில் ஒரு புது வீடு கட்டினால் போகிறவன் முந்தின வீட்டுக் கதவைத்தான் தட்டுவான். பட்டியல் அகர வரிசையில் இருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வீடு திவசம்.

நான் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். சீமந்தத்துக்குச் சஷ்டியப்தபூர்த்தி, அதாவது அறுபதாம் கல்யாண மெனு வந்தது. பூணூலுக்கு இன்னொன்று. மருமகளின் நல்ல கை முந்தின நாளும் அன்றும் அழுத்தியதில் வந்தவையும் ஒரு வரி தள்ளித்தான் வந்திருந்தன. யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஏனென்றால் அவருடைய மெனுக்களுக்குள் வித்தியாசம் ரேட்டில்தான், இலையில் ஒன்றும் பெரிதாக இல்லை. திவசம் ஒன்றுதான் மாறினால் தெரியும். இடைப்பட்ட நாட்களில் திவச ஆர்டர் எதுவும் வராதது அவர் செய்த பாக்கியம். வந்திருந்தால் அதற்கு முந்தின வரியில் திருமண ரிசப்ஷன். பித்ருக்கள் இலையில் கோபி மஞ்சூரியனும் ஐஸ்கிரீமும் விழுந்திருக்கும்.

முதலாளி தூங்கி எழுந்து வந்ததும் திரைக்கு முன்னால் உட்காரவைத்துக் காட்டினேன். ஆர்டர் கொடுக்க வருகிறவர்களுக்கு அவர் காட்டுவதைப் போலவே, ஒரே க்ளிக் என்று சொல்லிக் காட்டினேன். எக்செல் திறந்தது, திவசத்தை எடுத்துக்கொண்டு வந்தது. முதல் வரியைச் சுட்டிக்காட்டினேன். அவர் குனிந்து படித்தார்.

"ஸ்ரீ: எழுதினதால அபசகுனம் ஆச்சுங்கறேளா?"

"எழுதினதால இல்ல. வரி தள்ளினதால."

"பகவான் பேர எழுதினா ஒரு நாளும் தப்பு வராது மாமி."

"சரி, அப்படியே இருக்கட்டும். ஆனா அந்தப் பொண்ணு அழுத்தினாலும் திவசம்தான் வரும், உங்காத்து மாட்டுப்பொண் அழுத்தினாலும் திவசம்தான் வரும். வேணும்னா கூப்பிடுங்கோ, இப்பவே அழுத்திப் பாக்கலாம்."

அவர் மருமகளைக் கூப்பிடவில்லை. அதிலிருந்தே அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் புரிந்தது என்று ஒப்புக்கொள்வது வேறு. அன்றைக்கு நேரம் சரியில்லை, சந்திராஷ்டமம் என்றார். யாருக்குச் சந்திராஷ்டமம், எக்செல்லுக்கா என்று கேட்டேன். அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

ஸ்கிரிப்ட்டை மாற்றினேன். இனிமேல் அது வரி எண்ணைப் பார்க்காது, விசேஷத்தின் பெயரைத் தேடிப் போகும். தப்பு நேர்ந்தால் வாய் திறந்து சொல்லும். பேப்பரில் விசேஷத்தின் பெயரும் வரும். ஸ்ரீ: மேலே அப்படியே இருக்கிறது, அதை ஏன் எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் முதலாளி, அந்தப் பெண்ணை வரச் சொல்லுங்கோ, நடந்ததை எல்லாரும் மறந்துவிடலாம் என்றார். மறக்க வேண்டியது யார் என்பதை அவர் சொல்லவில்லை.

போனில் சொல்ல மனம் வரவில்லை. நானே பஸ் ஏறி ஜீயபுரம் போனேன். நான் போனபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் உள்ள எல்லாருடைய துணியும். அண்ணி உள்ளிருந்து, அந்த மிக்ஸிய எங்க வெச்ச என்று அதட்டலாகக் கேட்டார். அவள் எழுந்து போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வரி தள்ளியதை ஒரு தாளில் போட்டும் காட்டினேன். அவள் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

"நான் தப்பா அழுத்தலன்னு எனக்குத் தெரியும் மேடம். அத விடுங்க. ராசியில்லன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாருல்ல. இப்ப அதே மாதிரி எல்லார் முன்னாடியும் இல்லன்னு சொல்வாரா?"

கேட்கிறேன் என்றேன். கேட்டேன். முதலாளி, பாக்கலாம் என்றார். ஸ்ரீரங்கத்தில் பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அடுத்த வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தாள். மிக்ஸி எங்கே என்று கேட்கும் குரலோடு அவள் எவ்வளவு நாள் இருக்க முடியும்.

வந்த அன்று அவளுக்கு ஒரு புது ஏற்பாடு காத்திருந்தது. காலையில் ஆபீஸ் திறந்ததும் முதல் க்ளிக் மருமகளுடையது. அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, திரைக்குக் குங்குமம் வைத்து, அன்றைய முதல் ஆர்டரை அழுத்திவிட்டு மேலே போவார். அதன் பிறகு இவள் நாற்காலியில் உட்காரலாம். அதுவரை தள்ளி நிற்க வேண்டும். யாரும் அவளைத் திட்டவில்லை. எல்லாரும் சிரித்த முகத்தோடு, இங்கே நில்லும்மா என்று இடம் காட்டினார்கள்.

அவள் நிற்பதை நான் பார்த்தேன். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல், சுவரோரமாக நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளியிடம் சண்டை போடலாம். போட்டால் அவர் வெற்றிலையை மென்றுகொண்டு சந்திராஷ்டமம் என்பார். அன்று வேறு ஒரு சின்னத் திருத்தம் பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

ஒரு நாளின் முதல் அழுத்தல் எது என்று ஸ்கிரிப்டுக்குத் தெரியும்படி எழுதுவது கஷ்டமில்லை. அந்த முதல் அழுத்தலுக்கு இப்போது எக்செல் எழுந்திருக்காது. பேப்பர் போகாது. எதுவுமே நடக்காது. திரையில் குத்துவிளக்குகளுக்கு நடுவில் பெரிதாக ஸ்ரீ: என்று வரும், அதன் கீழே, சுபமாகத் தொடங்கியது என்று வரும். மருமகள் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மாடிக்குப் போவார். அவர் அழுத்திய ஆர்டர் அப்படியே திரையில் காத்துக்கொண்டிருக்கும். இரண்டாவதாக அழுத்துகிறவள்தான் வேலையை நடத்துகிறவள்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும். இரண்டு நாளில் அவளே கண்டுபிடித்துவிட்டாள். மத்தியானம் எனக்குப் போன் செய்து, காலையில் அவங்க அழுத்துறப்ப பின்னாடி பேப்பரே வரமாட்டேங்குது, நான் அழுத்துனாத்தான் வருது, ரிப்பேரா என்று கேட்டாள். ரிப்பேர் இல்லை, அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். உனக்கு இது பிடிக்கவில்லை என்றால் மாற்றிவிடுகிறேன், இல்லை எல்லார் முன்னாடியும் வந்து நானே உடைத்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் மேடம்" என்றாள். "ராசி அவங்க கையிலயே இருக்கட்டும். வேலைய நான் பாத்துக்கறேன்."

இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. ஆர்டர் கொடுக்க வருகிறவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, முதலாளி இப்போது புதிதாக ஒன்று சேர்த்துச் சொல்கிறார். முதல் க்ளிக் எங்காத்து மாட்டுப்பொண்ணோடது, அதுல இன்னிவரைக்கும் ஒரு தப்பு வந்ததில்ல என்கிறார். நான் பக்கத்தில் இருந்தால் ஆமாம் என்று தலையாட்டுகிறேன். அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. நாற்காலியில் இருக்கும் அவள் தலையைத் தூக்காமல் அடுத்த ஆர்டரை அடித்துக்கொண்டிருக்கிறாள்.